ஆராய்ச்சி மானியமும் நமது சிறு கைத்தொழிலும்

(மன்றத்தின் ஆண்டுவிழாக் கூட்டத்தில் குறிஞ்சாக்கேணியில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

 

ஆண்டுவிழா மேடையிலே சமயச் சொற்பொழிவு கேட்கும் ஆவலோடு வந்திருக்கின்ற உங்கள் முன், சுகாதார ஆராய்ச்சிக்காக அரசாங்கத்திடம் பணம் கேட்டு விண்ணப்பிப்பது எவ்வாறு என்று பேச ஒருவன் எழுந்து நின்றால் அது சற்று விநோதமாகவே இருக்கும். செயலாளர் அவர்கள் இப்பொருளை எனக்குத் தந்தபோது நானும் தயங்கினேன். ஆனால், இந்தச் சபையிலே எண்ணெய் காய்ச்சுகின்ற குடும்பத்தவர் இருக்கிறார்கள். சூரணம் இடித்துப் பொதிசெய்து விற்பவர்கள் இருக்கிறார்கள். பட்டம் பெற்றுவிட்டு வேலைக்குக் காத்திருக்கின்ற பிள்ளைகளும் இருக்கிறார்கள். இம்மூவரும் ஒரே ஊரில் இருந்தும் ஒரே மேசையில் இருப்பதில்லை. அந்தக் குறையை எண்ணியே பேச ஒப்புக்கொண்டேன்.

முதலிலே ‘மானியம்’ என்ற சொல்லைப் பார்ப்போம். நமது பகுதியிலே மானியம் என்றவுடன் கமக்காரர் மனதில் எழுவது உர மானியம். வயற்காணி இருந்தால், பட்டியலிலே பெயர் இருந்தால், வரிசையில் நின்றால் அது கிடைக்கும். ஆராய்ச்சி மானியத்தையும் அவ்வாறே எண்ணிக்கொண்டு, “எங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை? யாரைப் பிடித்தால் கிடைக்கும்?” என்று கேட்பவர்கள் பலர். நான் சொல்ல வந்த மானியம் அதுவன்று. நம் முன்னோர் அறிந்திருந்த வேறொரு மானியம் உண்டு. அதுதான் கோயில் மானியம். விளக்கேற்றுவதற்கென்று நிலம் விட்டால் விளக்கு எரியவேண்டும். மாலை கட்டுவதற்கென்று விட்டால் மாலை வந்துசேரவேண்டும். கவிராச வரோதயர் பாடிய கோணேசர் கல்வெட்டைப் புரட்டிப் பாருங்கள். குளக்கோட்டன் கோணநாயகர் கோயிலுக்கு நிலங்களை வகுத்து, தானத்தார் வரிப்பத்தார் என்று மக்களை நியமித்து, இன்னார் இன்ன தொழும்பு செய்யக்கடவர் என்று ஏற்படுத்திய ஒழுங்கை அந்நூல் விரித்துரைக்கிறது. ஆராய்ச்சி மானியம் இந்த இனத்தைச் சேர்ந்தது. ஒரு தொழும்புக்காகத் தரப்படுவது; கணக்குக் கேட்கப்படுவது. அந்தத் தொழும்பு யாதெனில், ஒரு கேள்விக்கு உண்மையான விடை கண்டு கொடுப்பதாம்.

நிற்க. இப்படிச் சிறு தொழிலாளருக்கு ஆராய்ச்சிப் பணம் கொடுக்கும் வழக்கம் எங்கே முறையாக எழுந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவிலே அரசாங்கத்தின் ஆராய்ச்சிப் பணமெல்லாம் பெரிய சர்வகலாசாலைகளுக்கும் பெருங் கம்பனிகளுக்குமே போய்க்கொண்டிருந்தது. அங்கே தேசிய விஞ்ஞான நிறுவனத்தில் உத்தியோகம் பார்த்த ரோலண்ட் திபெற்ஸ் என்பவர், சிறு நிறுவனங்களுக்கென ஒரு திட்டத்தை 1977ஆம் ஆண்டிலே பரீட்சார்த்தமாகத் தொடங்கினார். அது பயன் தரவே, 1982இல் சட்டமாயிற்று. வெளியாருக்கு ஆண்டொன்றுக்கு 100 மில்லியன் டொலருக்கு மேல் ஆராய்ச்சிப் பணம் கொடுக்கும் ஒவ்வொரு திணைக்களமும் அதில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கென ஒதுக்கவேண்டும் என்பது விதி. நூற்றுக்கு 0.2 என்று ஆரம்பித்த அந்தப் பங்கு 2017இல் 3.2 ஆக உயர்ந்தது. அந்நாட்டின் தேசிய சுகாதார நிறுவனங்களும் இவ்வழியே சிறு நிறுவனங்களுக்குப் பணம் வழங்கி வந்தன. முதலாங் கட்டம் சிறு தொகை: எண்ணம் சாத்தியமா என்று பார்ப்பதற்கு மட்டும். சாத்தியம் என்று காட்டியவருக்கே இரண்டாங் கட்டத்துப் பெருந்தொகை. மூன்றாங் கட்டத்தில், அதாவது பொருளைச் சந்தைக்குக் கொண்டுவரும் கட்டத்தில், இத்திட்டத்திலிருந்து ஒரு சதமும் இல்லை. அது வியாபாரியின் சொந்தப் பாடு.

பாரதநாடு இவ்வழியைப் பின்பற்றி 2005இல் உயிர்த்தொழில்நுட்பத் திணைக்களத்தின் மூலம் சிறு நிறுவன ஆராய்ச்சித் திட்டமொன்றை ஏற்படுத்தியது. 2012இல் ‘பைராக்’ எனப்படும் தனி நிறுவனம் தோன்றியது. அந்நிறுவனம் வழங்கி வந்திருக்கும் தொடக்க மானியத்தின் அளவு 50 இலட்சம் இந்திய ரூபாவரை. காலம் 18 மாதம். தனி ஒருவரும் விண்ணப்பிக்கலாம் என்பது அதன் சிறப்பு. பணமோ ஒரே முறையில் வராது. சொன்ன வேலையில் இன்ன பகுதி முடிந்தது என்று காட்டக் காட்டத் தவணை தவணையாக வரும். பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று, தலையிலே மூன்று மின்முனைகளை வைத்துப் பார்க்கும் ‘சோகம்’ என்ற கருவி 2017இல் வெளிவந்ததே, அது அத்திணைக்களத்தின் ஆதரவு பெற்ற ஒரு சிறு நிறுவனம் செய்தது. (பெயரைக் கேட்டுத் துக்கம் என்று எண்ணவேண்டாம். அது வடமொழிச் சோகம் அன்று, ‘ஸோஹம்’.)

அமெரிக்க மானியமும் பாரத மானியமும் அவ்வந்நாட்டவர்க்கே உரியன. நமது இலங்கையிலே 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய விஞ்ஞான மன்றமும், 1999இல் தொடங்கி 2007இல் தனிச்சட்டம் பெற்ற தேசிய ஆராய்ச்சிச் சபையும் ஆராய்ச்சி மானியம் வழங்கி வந்திருக்கின்றன. ஆராய்ச்சிச் சபை, அரசாங்க விஞ்ஞானியும் தனியார் நிறுவனமும் கூட்டாகச் செய்யும் முயற்சிகளுக்கென்றே ஒரு திட்டத்தை நடத்தியது. அதிலே தனியாரும் செலவில் ஒரு பங்கைச் சுமக்கவேண்டும். ஆகவே, நமது எண்ணெய்க்காரர் தனியே போய்க் கதவைத் தட்டுவதிலும் பார்க்க, ஒரு சர்வகலாசாலை ஆசிரியரோடு சேர்ந்து போவதே நடைமுறைக்கு ஏற்றது. அதற்குக் கொழும்புக்கு ஓடவேண்டியதில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலே சித்த மருத்துவம் போதிக்கப்படுகிறது. கிண்ணியாப் பாலத்தைக் கடந்து நிலாவெளி வீதியிலே போனால் சேர்ந்துவிடலாம். இத்தனை அருகில் இருந்தும், நம்மில் எத்தனை பேர் அந்தப் படியை மிதித்திருக்கிறோம்?

இனி, ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 2017ஆம் ஆண்டு பங்குனி மாதத்தை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். அவ்வாண்டு நாடு முழுவதிலும் 186,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சல் கண்டதாகப் பதிவாயிற்று. முதலில் கடுமையாக அடிபட்ட இடங்களில் கிண்ணியாவும் ஒன்று. பாடசாலைகள் மூடப்பட்டன, வைத்தியசாலையிலே கட்டில் இல்லை. அந்நாட்களிலே வேப்பெண்ணெயோடு தேங்காயெண்ணெயும் எலுமிச்சைப்புல் எண்ணெயும் கூட்டி நுளம்புத் தைலம் காய்ச்சிப் பிள்ளைகளின் கைகால்களிலே பூசிய வீடுகள் பல. சரி, அப்படிக் காய்ச்சும் ஒருவர் அதைப் புட்டியில் அடைத்து விற்கவும், அதை ஆராய்வதற்கு மானியம் கேட்கவும் விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பத்திலே அவர் என்ன எழுதவேண்டும்?

“பழந்தமிழர் மருத்துவத்தின் பெருமை” என்று தொடங்கினால் தோல்வி நிச்சயம். இதை நான் அனுபவத்தால் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அன்பருக்காக நானே உடனிருந்து ஒரு விண்ணப்பம் எழுதினேன். பதினெட்டுப் பக்கம். சித்தர் பெருமைக்கு ஆறு பக்கம், வேம்பின் மகிமைக்கு நாலு பக்கம், உலகச் சந்தைக்கு மூன்று பக்கம். பரிசோதனை பற்றி இரண்டே வரி: “தைலம் ஆய்வுகூடத்தில் பரிசோதிக்கப்பட்டு அதன் சிறப்பு நிரூபிக்கப்படும்” என்று. விண்ணப்பம் திரும்பி வந்தது. ஓரத்திலே ஒரு கேள்வி எழுதியிருந்தார்கள்: “எதனோடு ஒப்பிட்டு?” அவ்வளவுதான். அன்று எனக்குக் கோபம் வந்தது. நமது வைத்தியத்தை இகழ்கிறார்கள் என்று நண்பர்களிடம் சொல்லித் திரிந்தேன். பல மாதங்களின் பின் அந்த இரண்டு வரியை மறுபடி வாசித்தபோதுதான், சிறப்பு நிரூபிக்கப்படும் என்று முன்னதாகவே முடிவு கட்டியவனுக்குப் பரிசோதனை எதற்கு, பணம் எதற்கு என்பது புரிந்தது.

கேள்வியைச் சிறிதாக்கவேண்டும். நமது தைலக்காரருக்கு நான் சொல்லும் கேள்வி இது: காலை ஏழரை மணிக்கு இதைப் பூசிக்கொண்டு போகும் பிள்ளைக்கு, பாடசாலை விடும் ஒன்றரை மணிவரை இது காவல் நிற்குமா? டெங்கைப் பரப்பும் ஏடிஸ் நுளம்பு பகலிலே கடிப்பது. ஆகவே ஆறு மணித்தியாலம் என்பது ஏதோ வாய்க்கு வந்த எண்ணன்று. தாய் ஒருத்தி கேட்கக்கூடிய கேள்வியின் அளவு. இதை அளப்பதற்கு முறையும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, பசித்த பெண் நுளம்புகள் 200 முதல் 250வரை உள்ள கூட்டுக்குள்ளே தைலம் பூசிய கையை நுழைத்து, முதல் நுளம்பு கையில் இருக்கவோ கடிக்கவோ எவ்வளவு நேரம் செல்கிறது என்று பார்ப்பார்கள். நுளம்புகள் நோய் தொற்றாதவையாக ஆய்வுகூடத்திலே வளர்க்கப்பட்டவை. ஒப்பிடுவதற்கு நூற்றுக்கு 20 பங்கு ‘டீட்’ என்ற இரசாயனம் கலந்த திராவகத்தையும் அதேபோலப் பூசிப் பார்ப்பார்கள். எனது பழைய விண்ணப்பத்தின் ஓரத்திலே எழுதப்பட்ட கேள்விக்கு இத்தகைய தைலத்தைப் பொறுத்தவரை விடை அதுதான். நுளம்பு வளர்க்கும் வசதி நமக்கு இல்லை. ஆனால் கொழும்பிலே 1900ஆம் ஆண்டு தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்திலே பூச்சியியற் பிரிவு உண்டு. பல்கலைக்கழகங்களிலும் அத்துறையினர் உளர்.

அதற்கும் முன்னே செய்யவேண்டிய வேலை ஒன்று நம் அடுப்படியிலேயே இருக்கிறது. நேற்றுக் காய்ச்சிய தைலமும் போன மாதம் காய்ச்சிய தைலமும் ஒன்றுதானா? “கைப்பதம்” என்பார் நமது வைத்தியர். கைப்பதத்தை நான் குறைவாகச் சொல்லமாட்டேன். என் தாயாரின் கறி கைப்பதத்திலே ஆனதுதான். ஆயினும் ஆய்வுகூடத்துக்குப் போகும் புட்டியும் கடையிலே விற்கும் புட்டியும் வேறு வேறாக இருந்தால், கண்ட விடை எந்தப் புட்டிக்கு உரியது? எத்தனை இறாத்தல் விதை, எவ்வளவு நேரம் காய்ச்சியது, எந்த மாதத்தில் பறித்த புல், எந்த நாளில் வடித்தது என்று ஒரு கொப்பியிலே எழுதிவைக்கவேண்டும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. விண்ணப்பத்தை வாசிப்பவர்கள் இதையே முதலில் தேடுகிறார்கள் என்று அறிந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மனிதரின் உடம்பிலே பரிசோதிப்பதாயின், சர்வகலாசாலை மருத்துவ பீடங்களில் உள்ள ஒழுக்கவியல் மீளாய்வுக் குழுவின் அனுமதி வேண்டும். பரிசோதனைக்கு இசைந்தவர்கள் எழுத்திலே சம்மதம் தரவேண்டும். வேண்டாம் என்றால் இடையிலே விலகவும் உரிமை வேண்டும். “நாங்கள் தலைமுறை தலைமுறையாகப் பூசுகிறோமே, இதற்கு என்ன அனுமதி?” என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் பணிவோடு சொல்வது: 2021ஆம் ஆண்டு கார்த்திகை மாதம் 23ஆம் திகதி இந்தக் களப்பிலே படகுப்பாதை கவிழ்ந்து, பாடசாலைக்குப் போன பிஞ்சுகள் உட்பட உயிர்கள் போயின. மக்களை ஏற்றுகின்ற எந்தப் பொருளையும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்பதை இந்த ஊருக்கு வெளியூரான் ஒருவன் வந்து சொல்லவேண்டிய அவசியம் இல்லை.

கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் அவர்களைப் பற்றிப் பலர் அறிவீர்கள். பெண்களுக்கு மலிவான அணையாடை செய்யும் இயந்திரத்தை ஆக்கி, 2016இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவர் தொடங்கியபோது எந்த மானியமும் பெற்றவரல்லர். ஆனால் மானியம் கேட்பவர் கற்கவேண்டிய பாடம் அவரிடம் உண்டு. பஞ்சுதான் மூலப்பொருள் என்று எண்ணிப் பஞ்சிலே செய்துபார்த்துத் தோற்றார். பின்னரே அது மரக்கூழிலிருந்து எடுக்கும் நார் என்று அறிந்தார். காற்பந்தின் உட்பையிலே ஆட்டு இரத்தத்தை நிரப்பி, தன் உடம்பிலே கட்டிக்கொண்டு பரிசோதித்தார். ஊரார் நகைத்தார்கள். மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் அணையாடைகளைக் கொடுத்து அபிப்பிராயம் எழுதித் தரும்படி கேட்டார். ஒருநாள் போய்ப் பார்த்தால், சில மாணவிகளே எல்லாருக்குமாக இருந்து படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்தார்களாம்! அந்தப் படிவங்கள் அவரை வாயாரப் புகழ்ந்திருக்கும். அவற்றைக் கட்டிச் சென்னை ஐ.ஐ.டி.க்குக் கொண்டுபோயிருக்கலாம். அவரோ அவற்றை நம்பாமல் வேறு வழி தேடினார். 2006இல் அங்கே தம் இயந்திரத்தைக் காட்டியபோது அவரிடம் இருந்தது சொந்தமாகப் பார்த்துத் தெரிந்துகொண்ட உண்மை.

ஆறு மணித்தியாலம் நிற்கும் என்று எண்ணிய தைலம் ஒன்றரை மணித்தியாலமே நின்றது என்று விடை வந்தால் என்ன செய்வது? இளைஞர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். பணத்தைத் திருப்பிக் கேட்பார்களோ என்ற பயம். சொன்னபடி வேலை செய்து, கண்டதைக் கண்டபடி எழுதி, கணக்கையும் ஒப்பித்தால், விடை எதிராக வந்ததற்காக மானியம் குற்றமாகாது. ஒன்றரை மணித்தியாலம் என்பதும் ஒரு விடை. “பாடசாலை இடைவேளையில் மறுபடி பூசவேண்டும்” என்று புட்டியிலே அச்சிடலாம். அல்லது விரைவில் ஆவியாகாதபடி எண்ணெய்க் கூட்டை மாற்றலாம். ஆறு மணித்தியாலம் என்று பொய் எழுதிய புட்டியை நம்பி ஒரு தாய் தன் பிள்ளையை அனுப்பினால் நடப்பதை எண்ணிப் பாருங்கள்.

பணக் காரியத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொழிலின் பெயர் பிரதேச செயலகத்திலே பதிவாகியிருக்கவேண்டும். வங்கிக் கணக்கு தொழிலின் பேரிலே இருக்கவேண்டும். மாமனார் பேரிலே இருக்கக்கூடாது. (சிரிக்கிறீர்கள், நான் கண்டிருக்கிறேன்.) வரவு செலவுத் திட்டத்திலே ஆய்வுகூடக் கட்டணம், மூலப்பொருள், உதவியாளர் சம்பளம், பிரயாணம் என்று காரணத்தோடு எழுதவேண்டும். கூட்டுத்தொகை பிழைத்தால் உள்ளேயிருக்கும் விஞ்ஞானத்தை யாரும் நம்பமாட்டார்கள். கடைக்குக் கூரை போடுவதையும் வான் வாங்குவதையும் ஆராய்ச்சிச் செலவிலே நுழைக்கவேண்டாம். அத்தோடு, விற்பனைக்கு முன் இந்தத் தைலம் ஆயுர்வேதத் திணைக்களத்தின் கீழ் வருமா, மருந்து ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் கீழ் வருமா, பீடைகொல்லிப் பதிவாளரின் கீழ் வருமா என்பதை எழுத்திலே கேட்டுப் பதிலை இணைத்துக்கொள்ளுங்கள். 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்தத்தையும் யூனானியையும் தன்னுள் அடக்கியது. ஆகவே நம் அயலவரான இஸ்லாமியச் சகோதரர்களின் யூனானி வைத்தியர்களுக்கும் நமக்கும் இதிலே ஒரே வழிதான். அவர்களையும் சேர்த்துக்கொண்டு போவது இருவருக்கும் பலம்.

விண்ணப்பம் தோற்றால் மனம் உடையவேண்டாம். அமெரிக்கச் சுகாதார நிறுவனங்களிலே விண்ணப்பத்துக்கு 1 முதல் 9வரை புள்ளியிடுவார்கள். நமது பாடசாலைக்கு மாறாக அங்கே 1தான் சிறந்தது. குறைகளை எழுதி விண்ணப்பகாரருக்கே அனுப்புவார்கள். திருத்தி மறுபடி அனுப்ப இடமுண்டு. முழு ஆராய்ச்சியின் நோக்கத்தையும் ஒரே பக்கத்திலே எழுதச் சொல்லுவதும் அவர்கள் வழக்கம். பதினெட்டுப் பக்கம் எழுதிய எனக்கு அந்த ஒரு பக்கம் எழுதுவது எவ்வளவு கடினம் என்று இப்போது தெரிகிறது. இன்னொன்று: மானியத்தை மட்டும் நம்பித் தொழிலைக் கட்டவேண்டாம். 1982 முதல் புதுப்பிக்கப்பட்டு வந்த அந்த அமெரிக்கச் சட்டமே 2025 செப்டெம்பர் 30ஆம் திகதி தவணை முடிந்து, அன்று புதுப்பிக்கப்படாமல் நின்றது. அத்தனை செல்வம் படைத்த நாட்டிலேயே அப்படியென்றால், நெருக்கடி கண்ட நமது நாட்டிலே விண்ணப்பம் கோருவது ஓராண்டு தள்ளிப்போனால் அதிசயப்படுவதற்கில்லை. அதுவரை அடுப்பு எரியவேண்டுமே.

“இரகசியத்தை எழுதிக் கொடுத்தால் திருடிவிடுவார்களே” என்று ஒரு பெரியவர் முன்வரிசையிலிருந்து கேட்கிறார். நியாயமான பயம். வேம்பின் பூஞ்சணக்கொல்லிக் குணத்துக்கு ஓர் அமெரிக்கக் கம்பனி அந்நாட்டு விவசாயத் திணைக்களத்தோடு சேர்ந்து ஐரோப்பாவிலே 1994இல் காப்புரிமை பெற்றது. பாரதத்தவர் எதிர்த்து வழக்காட 2000இல் அது இரத்தாகி, 2005இல் மேன்முறையீடும் தள்ளுபடியாயிற்று. அவர்களைக் காப்பாற்றியது, இந்தப் பயன்பாடு முன்னரே நம்மவரிடம் இருந்தது என்று காட்டக்கூடிய சாட்சியம். ஆகவே, ஐயா, நீங்கள் எழுதிவைத்த கொப்பி உங்களுக்குப் பகையன்று. திகதியிட்டு எழுதிய கொப்பி உங்கள் சாட்சி. எழுதாமல் மனதிலே வைத்திருந்து போனவர்களின் மருந்துகள் எத்தனை இந்த ஊரிலே அவர்களோடு போயின என்று உங்களுக்கே தெரியும்.

தலைவர் அவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்; நாடகத்துக்குப் பிள்ளைகள் வேடம் கட்டிக் காத்திருக்கிறார்கள். மன்ற வாசிகசாலை மேசையிலே ஒரு கொப்பி வைக்கும்படி செயலாளரைக் கேட்டிருக்கிறேன். எண்ணெய் காய்ச்சுபவர்களும் சூரணம் செய்பவர்களும் அதிலே தங்கள் கேள்வியை மட்டும் ஒரு வரியில் எழுதுங்கள். பெருமையும் வரலாறும் வேண்டாம். பட்டதாரிப் பிள்ளைகள் இருவர் அதைப் பார்த்து, எந்த ஆய்வுகூடத்திலே அதை அளக்கலாம் என்று விசாரித்துப் பக்கத்திலே எழுதுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வளாகத்துக்குப் போகும்போது நானும் கூட வருகிறேன்; பஸ் செலவு என்னுடையது.